மே மாதத்தில் கம்பளி போர்த்திய குதிரை

வணக்கம் நேயர்களே. நான் ஒரு கால்நடை மருத்துவர். சென்னையில் மாடு, ஆடு, நாய் எல்லாம் பார்க்கிறவன்தான் என்றாலும், மெரினா மணலில் சவாரி போகும் குதிரைகளோடு எனக்குப் பல வருடப் பழக்கம். அந்தக் குதிரைகளுக்கு வயதான பிறகு வரும் தோல் தொல்லையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஒரு பெண் குதிரையின் கதையிலிருந்து தொடங்குகிறேன். 24 வயது. சவாரிக்கு விடுவதை நிறுத்திவிட்டு, கடற்கரைக்குப் பக்கத்துச் சந்தில் வைத்துப் பராமரித்துவந்தார் ஒரு பெரியவர். மூன்று வருடமாக அதற்குத் தீராத அரிப்பு. தூணிலும் சுவரிலும் தேய்த்துத் தேய்த்துப் பிடரி மயிர் போய்விட்டது, வால் அடியில் தோல் தடித்துக் கிடந்தது. கணுக்காலில் பொருக்கு. கண்ணின் உள்முனையில் ஒரு புண், ஆறுவதும் மழைக்காலத்தில் திரும்ப வருவதுமாக இருந்தது. பெரியவர் வேப்பெண்ணெய் தடவினார், மஞ்சள் பூசினார், கடைகளில் கொடுத்த களிம்பெல்லாம் போட்டார். யாரோ ஒருவர் ஸ்டீராய்டு ஊசி போட, இரண்டே நாளில் அரிப்பு நின்றது. மாதம் கழித்து மறுபடி வந்தது. மூன்றாவது ஊசிக்குப் பிறகு குதிரை முன்கால்களை ஊன்றவே தயங்கியது. குளம்புக்குள் வீக்கம், லாமினைட்டிஸ் என்போம். குதிரைக்கு அதைப்போல வலி தரும் நோய் குறைவு.

நானும் முதல் ஆறு மாதம் தோலை மட்டுமே பார்த்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு மே மாத மதியம் அதன் முதுகில் கை வைத்தபோதுதான் உறைத்தது. அந்த வெயிலில் அதன் உடம்பில் இரண்டு அங்குல நீளத்துக்கு மயிர், கம்பளி போர்த்தியதுபோல. முதுகுச் சதை கரைந்து, வயிறு தொங்கியிருந்தது. "தண்ணீர் எவ்வளவு குடிக்கிறதுங்கய்யா?" என்று கேட்டேன். "முன்னைவிட இரண்டு வாளி கூடப் போகுது டாக்டர், வெயில்தானேன்னு விட்டுட்டேன்" என்றார்.

குதிரையின் மூளைக்கு அடியில் பட்டாணி போன்ற பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. அதை அடக்கிவைப்பது டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தரும் நரம்புகள். வயதில் அந்த நரம்புகள் நலிந்துவிட்டால் சுரப்பி கட்டுமீறி ஹார்மோன்களைக் கொட்டுகிறது. பிபிஐடி என்று பெயர், குஷிங் நோய் என்றும் சொல்வார்கள். 15 வயது தாண்டிய குதிரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு இது இருக்கிறது. மயிர் உதிராது, நோய் எதிர்ப்பு குறையும், சாதாரணப் பூஞ்சையும் பாக்டீரியாவும் தோலில் குடித்தனம் நடத்தும். மேலே எத்தனை களிம்பு போட்டாலும் உள்ளே கதவு திறந்தே கிடக்கும். இப்படிப்பட்ட குதிரைக்கு ஸ்டீராய்டு ஊசி கூடவே கூடாது. ஏற்கெனவே குளம்பு நோய்க்கு ஆளாகக்கூடிய உடம்பு அது. ஆகவே வயதான குதிரையின் தோல் மூன்று மாதத்துக்கு மேல் மசியவில்லை என்றால், அந்தச் சுரப்பி கொட்டும் ஏசிடிஹெச் என்ற ஹார்மோனை ரத்தத்தில் அளக்கச் சொல்லுங்கள். ரத்தத்தை ஐஸில் வைத்துச் சீக்கிரம் ஆய்வகம் சேர்க்க வேண்டும், தாமதமானால் முடிவு தப்பாகும்.

நோய் உறுதியானால் பெர்கோலைடு மாத்திரை, வாழ்நாள் முழுக்கத் தினமும். வெல்லத்தில் வைத்துக் கொடுக்காதீர்கள். இந்தக் குதிரைகளில் பலவற்றுக்கு இனிப்பு ஒத்துக்கொள்ளாது, கேரட் துண்டு போதும். கடற்கரையில் பிள்ளைகள் ஆசையாக நீட்டும் பிஸ்கட்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். நீண்ட மயிரைக் கத்தரித்துவிட்டால் குதிரைக்கு வெக்கை குறையும், மருந்தும் தோலைத் தொடும்.

சரி, உள்ளே கவனித்தாயிற்று. வெளியே மூன்று எதிரிகள் இருக்கிறார்கள்.

அந்தப் பிடரி அரிப்புக்குக் காரணம் குலிக்காய்ட்ஸ் என்ற பூச்சி, கொசுவைவிடச் சின்னது, கண்ணுக்கு லேசில் தெரியாது. அதன் எச்சில்தான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் கடிக்கும். அந்த நேரத்தில் குதிரையை லாயத்துக்குள் நிறுத்தி, ஒரு மின்விசிறி வைத்தால் பாதித் தொல்லை குறையும், ஏனென்றால் அது காற்றை எதிர்த்துப் பறக்கத் திராணியில்லாத பூச்சி. தேங்கிய தண்ணீரும் ஈரச் சேறும் அதன் பிறப்பிடம்.

கண்முனைப் புண் வேறு விஷயம். வட இந்தியாவில் இதை 'பர்சாத்தி' என்பார்கள், மழைப்புண் என்று அர்த்தம், ஆங்கில மருத்துவ நூல்களிலும் அந்தப் பெயரே ஏறிவிட்டது. ஹேப்ரோனீமா என்ற புழு குதிரையின் வயிற்றில் வாழும். அதன் குஞ்சு சாணத்தில் வெளியேறி, ஈயின் வழியாக வந்து, ஈரமான இடத்தில், கண்முனையிலும் உதட்டிலும் திறந்த புண்ணிலும் இறங்கும். அங்கே வளர வழியில்லாமல் கிடந்து உறுத்தும். அதனால்தான் சதை கூடி, உள்ளே அரிசிக் குருணைபோல மஞ்சள் துகள்கள் வரும். இதற்கு ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து, குதிரையின் எடைக்கேற்ற அளவில், வாய்வழிப் பசையாக. மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போட்டுவிடாதீர்கள், சதையில் மோசமான தொற்று வந்த அனுபவங்கள் உண்டு. சாணத்தைத் தினமும் அள்ளாமல் மருந்து மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான். மருந்து கொடுத்தும் ஆறாத புண் என்றால் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், புற்றாகவும் இருக்கலாம். வெள்ளைக் குதிரை வைத்திருப்பவர்கள் வாலுக்கடியில் கரும் உருண்டை தெரிகிறதா என்று பாருங்கள். வயதான வெள்ளைக் குதிரைகளில் மெலனோமா என்ற கறுப்புத் தோல்கட்டி மிகச் சகஜம், அதைச் சிரங்கு என்று நினைத்துக் கீறிவிடக்கூடாது.

கணுக்காலில் பொருக்கு போடுவது ஈரத்தில் விழிக்கும் டெர்மடோஃபிலஸ் என்ற பாக்டீரியா. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பூ போட்டால் நுரையை 10 நிமிடம் அப்படியே விடுங்கள், பெரும்பாலோர் உடனே கழுவிவிடுகிறார்கள். ஊறிய பொருக்கை மெதுவாக எடுத்து, சேர்த்து எரித்துவிடுங்கள், கிருமி அதில்தான் தங்கும். பிடுங்கி எடுத்தால் குதிரை வலியில் உதைக்கும், அடுத்தமுறை காலைத் தொடவே விடாது. அப்புறம் துடைத்து உலர்த்துவது மிக முக்கியம். ஒரே பிரஷ்ஷையும் சேணத்துணியையும் பல குதிரைக்குப் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பொருக்கைத் தொட்ட கையை நன்றாகக் கழுவுங்கள், குதிரையிடமிருந்து படர்தாமரையும் நமக்கு ஒட்டும்.

நம் பெரியவரின் குதிரை மருந்தில் இருக்கிறது. முழுசாகக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன ஐப்பசி மழையில் கணுக்காலில் இரண்டு இடத்தில் பொருக்கு வந்தது, பெரியவரே கவனித்துப் பத்தே நாளில் ஆற்றிவிட்டார். இப்போது தினமும் காலையில் பிரஷ் போடும்போது பிடரியிலிருந்து குளம்பு வரை விரலால் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம். பிடரியில் ஒரு விரல்கடை மயிர் முளைத்திருக்கிறது. போன வாரம் போனில் அதை முதலில் சொல்லிவிட்டுத்தான், தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.