பெயர் கூப்பிடும் நேரம்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

டர்பனில் அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இருப்பது சாட்ஸ்வர்த்தில். இன்றைக்கு என் தங்கை மகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். "பேசுங்க பெரிம்மா, என் பேரை மட்டும் சொல்லாதீங்க" என்றாள். வயது 26. அவள் ஒரு திருநங்கை. பேசுவதும் பழகுவதும் உலகத்தை உணர்வதும் வேறு விதமாக இருக்கிற ஆட்டிசமும், கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏ.டி.எச்.டி.யும் அவளுக்கு உண்டு.

இந்தத் தமிழ் நிகழ்ச்சியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே வளர்ந்துவிட்டார்கள். அதனால் பெரியம்மா, மாமி, தாத்தா என்று வீட்டில் இருக்கிற உங்களிடம்தான் பேசப் போகிறேன்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை அவளோடு ஒரு மருத்துவமனைக்குப் போனேன். எது என்று சொல்ல வேண்டாம். விடியற்காலை 5 மணிக்கே பெஞ்சு நிறைந்துவிட்டது. தலைக்கு மேலே ஒரு டியூப் லைட் மினுக்கிக்கொண்டே இருந்தது. எனக்கு அது லைட், அவ்வளவுதான். அவளுக்கு அது கண்ணுக்குள் ஊசி குத்துவது மாதிரி. காதைப் பொத்திக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, 5 மணி நேரம் பொறுத்தாள். அப்புறம் கவுன்ட்டரில் இருந்தவர் கூப்பிட்டார். அவளுடைய பழைய பெயர், ஆண் பெயர், உரத்த குரலில், இரண்டு முறை. அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். மூன்றாம் முறை கூப்பிட்டபோது பையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்துவிட்டாள்.

ஏ.டி.எச்.டி.க்கு அவள் எடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை நம் தென்னாப்பிரிக்காவில் ஆறாம் அட்டவணை மருந்து. ஒரே சீட்டை வைத்துக்கொண்டு மறுபடி வாங்க முடியாது, ஒவ்வொரு மாதமும் புதுச் சீட்டு வேண்டும். அன்றைக்கு அவள் வெளியே நடந்ததில் ஒரு மாத மாத்திரை போயிற்று. மூன்றாம் வாரம் வேலையும் போயிற்று.

அந்தக் கவுன்ட்டர் அம்மாவை நான் திட்டவில்லை. நானும் அதே மாதிரிப் பெயர் கூப்பிட்டவள்தான். கோப்பில் இருப்பதைப் படித்தேன், சத்தமாகப் படித்தேன். எத்தனை பேர் அதைக் கேட்டு எழுந்து போனார்கள் என்று இப்போது ராத்திரியில் நினைத்துப் பார்க்கிறேன்.

உங்கள் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். 13 இலக்க எண். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த நான்கு இலக்கம் 5000க்குக் கீழே இருந்தால் பெண், 5000 அல்லது அதற்கு மேலே என்றால் ஆண். வங்கி, மருந்துக்கடை, கிளினிக், எங்கே எண்ணைக் கொடுத்தாலும் வாயைத் திறக்குமுன்னே அது சொல்லிவிடும். இதை மாற்ற 2003இலேயே சட்டம் வந்தது, அந்த வருடத்தின் 49ஆம் எண் சட்டம். அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும் என்று அதில் இல்லை. ஹார்மோன் மருந்து எடுப்பதும் சிகிச்சைதான், மருத்துவர்களின் அறிக்கைகளோடு உள்துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். எண் மாறிவிட்டால் வங்கிக் கணக்கு, பள்ளிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு அலைய வேண்டும். வரிசையில் நிற்பதே வேதனையாக இருக்கும் ஒரு பிள்ளைக்கு அது எத்தனை வரிசை என்று எண்ணிப் பாருங்கள்.

அதுவரை நாங்கள் செய்தது சின்ன வேலை. ஒரு வெள்ளை அட்டையில் எழுதினோம்: என்னைக் கூப்பிட வேண்டிய பெயர் இது. எனக்கு ஆட்டிசம். முடிந்தால் எண் சொல்லிக் கூப்பிடுங்கள், வெளியே நிற்கிறேன், என் பெரியம்மா வந்து சொல்வார். மருத்துவரிடம் கேட்டோம், அவர் கோப்பின் மேலட்டையிலேயே அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தார். பேனாவில் ஒரு வரி. அதன் பிறகு அவள் ஒரு தடவைகூட எழுந்து போகவில்லை.

திருநங்கையாக இருப்பதும் ஆட்டிசமும் ஒருவருக்கே எப்படி வரும், ஏதோ குழப்பத்தில் பேசுகிறாள் என்று எங்கள் குடும்பத்திலும் சொன்னார்கள். 2020இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். மற்றவர்களைவிடத் திருநரிடையே, அதாவது பிறப்பில் குறித்த பாலினத்தோடு ஒத்துப்போகாதவர்களிடையே, ஆட்டிசம் 3 முதல் 6 மடங்கு அதிகம் காணப்பட்டது. ஆட்டிசம் இருப்பதால் தன் மனது தனக்குத் தெரியாது என்று அர்த்தமில்லை. சொல்ல நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். காத்திருந்து கேட்க வேண்டியது நம் வேலை. திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிக்கிறோம், அந்தப் பாரதத்திலேதான் அரவானுக்காகக் கண்ணன் மோகினியாகி மாலை மாற்றிக்கொண்டான். இந்தக் கதையைச் சின்ன வயதில் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பிள்ளைகள் எப்படி அந்நியமானார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

சரி, வீட்டுக்குள் வருவோம். அவள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனோடு, ஆண் ஹார்மோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரையும் எடுக்கிறாள். அது சிறுநீரை அதிகம் போகச் செய்யும், உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும். என் ரத்தக் கொதிப்புக்காக வீட்டில் சோடியம் குறைந்த உப்பு வாங்கி வைத்திருந்தேன். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கிறது. 31 வருடம் நர்ஸாக இருந்தவள், எங்கள் பருப்பில் அதைப் போட்டு அவளுக்கும் ஊற்றிக்கொண்டிருந்தேன்! பொட்டாசியம் ஏறியிருப்பது ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. இப்போது எங்கள் அடுப்படியில் இரண்டு உப்பு ஜாடி.

தாகம் எடுப்பதும் பசி எடுப்பதும் அவளுக்குச் சட்டென்று தெரியாது. ஆட்டிசம் உள்ள பலருக்கு இப்படி உண்டு. பிப்ரவரி மாதப் புழுக்கம் உங்களுக்குத் தெரியும். தண்ணீர் பாட்டிலில் 10 மணி, 12 மணி, 2 மணி என்று கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். மெத்தில்ஃபெனிடேட் பசியைக் கொன்றுவிடும், அதனால் மாத்திரைக்கு முன்னே ஒரு கிண்ணம் புளித்த கஞ்சி, அம்மன் பூஜைக்குக் காய்ச்சுகிற அதே சோளமாவுக் கஞ்சி. ருசி மாறினால் அவள் தொடமாட்டாள், ஆகவே நான் அதை மாற்றுவதில்லை. இதைச் செல்லம் கொடுப்பது என்கிறார்கள். சர்க்கரைக்காரருக்கு நேரத்துக்குச் சாப்பாடு போடுவதை யாரும் செல்லம் என்பதில்லையே.

திருநம்பிகள், அதாவது பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்கிறவர்கள், உள்ள வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. மார்பை இறுக்கும் உடையை 8 மணி நேரத்துக்கு மேல் போட விடாதீர்கள், தூங்கும்போது கூடவே கூடாது, பேண்டேஜ் துணியால் ஒருபோதும் கட்டக் கூடாது. கருப்பை வாய் இருக்கும்வரை அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனை தேவை. அரசு கிளினிக்கில் 30 வயதிலிருந்து பத்து வருடத்துக்கு ஒன்றாக மூன்று முறை இலவசம். ஆண் தோற்றத்தில் போய் அந்த வரிசையில் உட்கார எவ்வளவு தைரியம் வேண்டும்! கூட ஒரு அத்தை போனால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

நம் அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு எல்லோருக்கும் மருத்துவ வசதி உரிமை என்கிறது. கேப் டவுனில் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனை பல வருடங்களாகத் திருநருக்கு சிகிச்சை தருகிறது. ஆனால் விட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா போன்ற நகரங்களில் நடத்திவந்த திருநர் கிளினிக்குகள், 2025இல் அமெரிக்க உதவிப் பணம் நின்றதும் மூடப்பட்டன. அங்கே பெயரைச் சரியாகக் கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் இப்போது நம் பொது வரிசைக்கு வருகிறார்கள். வர பயந்தவர்கள் மருந்தை வெளியே யாரிடமோ வாங்குகிறார்கள், ரத்தப் பரிசோதனை இல்லாமல், அளவு தெரியாமல். ஈஸ்ட்ரோஜனால் காலில் ரத்தம் கட்டி வந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை அப்படி வாங்குவது தெரிந்தால் மாத்திரையைப் பிடுங்கி எறியாதீர்கள். என்ன எடுக்கிறாய், எவ்வளவு எடுக்கிறாய் என்று கேட்டு, மருத்துவரிடம் கூடவே போங்கள்.

போனால் பெஞ்சில் பக்கத்தில் உட்காருங்கள். மருத்துவர் உங்களைப் பார்த்துக் கேட்டால், அவளைக் கேளுங்கள் டாக்டர் என்று சொல்லுங்கள். அவள் வார்த்தை தேடுகிற நேரத்தில் குறுக்கே பேசாதீர்கள். எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

வரும் வியாழக்கிழமை அவளுக்கு அடுத்த முறை. காலை நாலரைக்குக் கிளம்ப வேண்டும், ரொட்டிக்கு மாவை ராத்திரியே பிசைந்து வைத்துவிடுவேன். காதடைப்பான், தொப்பி, கோடு போட்ட பாட்டில், வெள்ளை அட்டை, எல்லாம் பையில் தயார்.

வணக்கம்.