ஏமாற்றுபவனைத் தாங்கி நிற்கும் சாட்சிகள்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் நடந்த தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிதி மோசடி ஒன்று வெளிச்சத்துக்கு வந்ததும், "படித்தவர்கள்கூட இதை எப்படி நம்பினார்கள்?" என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். என்னை நெடுநாளாக உறுத்துவது வேறொரு கேள்வி. குட்டு வெளிப்பட்ட பிறகும், கைக்காசு கரைந்த பிறகும், ஏமாற்றிய மனிதருக்காகப் பலர் வரிந்து கட்டிக்கொண்டு பேசுகிறார்களே, அது ஏன்? பேச்சு வன்மையும் முகக்கவர்ச்சியும் ஒரு கூட்டத்தைச் சேர்க்கலாம். சேர்ந்த கூட்டம் கலையாமல் இருப்பதற்குக் காரணம் அவையல்ல. தன்னை நம்பி வந்தவரை, தனக்காகப் பிறரிடம் சாட்சி சொல்லும்படி செய்துவிடுவதுதான் மோசடிக்காரனின் உண்மையான பிடி.

1920ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி என்பவர், அஞ்சல் தலைகளுக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய பன்னாட்டுப் பதில் கூப்பன்களை ஒரு நாட்டில் மலிவாக வாங்கி மற்றொரு நாட்டில் மாற்றுவதாகச் சொல்லி, 45 நாளில் 50 விழுக்காடு இலாபம் தருவதாக வாக்களித்தார். அவர் திரட்டிய பணத்துக்கு ஈடாகப் பதினாறு கோடிக் கூப்பன்கள் புழங்க வேண்டும். உண்மையில் புழக்கத்தில் இருந்தவை சுமார் 27,000 மட்டுமே என்று நிதி இதழாளர் ஒருவர் கணக்குக் காட்டினார். ஐயம் கொண்ட மக்கள் பணத்தைத் திரும்பக் கேட்டு அவருடைய அலுவலக வாசலில் திரண்டபோது, பொன்சி ஓடி ஒளியவில்லை. வரிசையில் நின்றவர்களுக்குக் காப்பியும் டோனட்டும் கொடுத்தார், சிரித்துப் பேசினார், கேட்டவர்களுக்குப் பணத்தையும் கொடுத்தார். அதைக் கண்ணால் கண்ட பலர், "கேட்டால் கொடுக்கிறாரே, பிறகென்ன?" என்று பணத்தை எடுக்காமலே வீடு திரும்பினார்கள். அப்படித் திருப்பித் தந்ததெல்லாம் அடுத்தவர் போட்ட முதல்தான். ஆயினும் அதை வாங்கியவர் பொய் சொல்லவில்லை. "எனக்கு வந்தது" என்று தாம் அறிந்த உண்மையையே ஊருக்குச் சொன்னார். பச்சைப் பொய்யைவிட இந்த அரை உண்மை எத்தனையோ மடங்கு வலியது.

ரஷ்யாவில் எம்.எம்.எம். என்ற நிறுவனத்தை நடத்திய செர்கேய் மவ்ரோதியின் கதை இன்னும் வியப்பானது. 1994ஆம் ஆண்டு அந்த நிறுவனம் சரிந்து, அவர் கைது செய்யப்பட்ட பிறகு, அதே ஆண்டில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் வென்று உறுப்பினரானார். பின்னாளில் சிறை சென்று மீண்டவர், 2011இல் மறுபடியும் தொடங்கியபோது, இது பின்னால் சேர்பவரின் பணத்தை முன்னால் சேர்ந்தவருக்குக் கொடுக்கும் பிரமிடுத் திட்டம்தான் என்று வெளிப்படையாகவே அறிவித்தார். அப்போதும் ஆள் சேர்ந்தது. அந்த எம்.எம்.எம். 2015 வாக்கில் நம் தென்னாப்பிரிக்காவுக்கும் வந்து, மாதத்துக்கு 30 விழுக்காடு என்றது. அதை எடுக்காமல் விட்டுவைத்தால் ஆயிரம் ரேண்ட் ஓராண்டில் இருபத்து மூவாயிரத்தைத் தாண்ட வேண்டும். மந்திரத்தில் மாங்காய் விழுமா? பணம் பெற்றவர்கள் நன்றிக் கடிதம் எழுதுவதும், கேமரா முன் நின்று மகிழ்ச்சியைச் சொல்வதும் அத்திட்டத்தின் ஓர் அங்கமாகவே இருந்தன என்பதை நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தன் முகத்தையும் பெயரையும் காட்டி ஒன்றைப் புகழ்ந்துவிட்டவர், மறுமாதம் எந்த முகத்தோடு அதைக் குறை சொல்வார்?

ஸ்டெல்லன்போஷ் நகரைத் தளமாகக் கொண்ட மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் நிறுவனமும் இவ்வழியில்தான் நடந்தது. கணினி மென்பொருள் ஒன்று தானாகவே வணிகம் செய்து பிட்காயின் என்னும் மின்னணு நாணயத்தைப் பெருக்குகிறது என்றார்கள்; ஆள் சேர்த்தவருக்குத் தனிப்பங்கும் தந்தார்கள். 2020 ஆகஸ்டிலேயே நம் நாட்டு நிதித்துறை நடத்தை ஆணையம், பணத்தை எடுத்துவிடுங்கள் என்று பொதுமக்களை எச்சரித்தது. எச்சரிக்கையைக் கேட்டவர் சிலர், கேளாதவரே பலர். அவ்வாண்டு டிசம்பரில் அதன் தலைவர் யோஹான் ஸ்டெய்ன்பர்க் பிரேசிலுக்குப் போய்விட்டார், பணம் எடுப்பதும் நின்றுபோனது. 29,421 பிட்காயின்கள் திரட்டப்பட்டதாகவும், அப்போதைய மதிப்பில் அது 170 கோடி டாலருக்கு மேல் என்றும் அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் தொடுத்த வழக்கில் கூறப்பட்டது. 2023இல் நம் மேற்கு கேப் உயர்நீதிமன்றம் அதைச் சட்டவிரோதத் திட்டம் என்று தீர்த்தது.

நம் வீடுகளில் இது எப்படி நுழைகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த வேளையில், உறவுக்காரர் ஒருவர் கைப்பேசியை எடுத்துத் திரையில் ஏறிக்கொண்டிருந்த தொகையைக் காட்டினார். "அங்கிள் பொய் சொல்ல மாட்டார்" என்று அந்த வீட்டு அம்மாள் ஓய்வுக்காலப் பணத்தைப் போட்டார். பிறகு தம் தங்கையையும் போட வைத்தார். எல்லாம் முடிந்த பின்பும் அவர், "அரசாங்கம் குறுக்கே வராமல் இருந்தால் நன்றாகப் போயிருக்கும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை அறிவிலி என்று யாரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். அது மோசடி என்று ஒப்புக்கொண்டால், தங்கையின் பணத்தை ஆற்றில் விட்டவர் தாமே என்பதையும் அவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தப் பாரத்தைத் தாங்குவதைவிட மோசடிக்காரனை நல்லவன் என்று நம்புவது அவருக்கு எளிதாக இருந்தது.

இலாபம் பார்த்தவர்களின் வாயையும் அச்சம் கட்டிப்போடுகிறது. நிறுவனம் கலைக்கப்படும்போது, கலைப்பு அலுவலர்கள் அவர்கள் பெற்ற தொகையைத் திரும்பக் கேட்க முடியும். ஏமாந்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "இழந்ததை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று இரண்டாம் முறை கறப்பதற்கு வருவோரும் உண்டு. வெளியே சொல்ல வெட்கப்பட்டுத் தனித்து நிற்பவரே அவர்களிடம் அகப்படுகிறார்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ரெப்போ வட்டிக்கு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டிக்கு மேல் ஆண்டுக்கு 20 விழுக்காடோ அதற்கு மிகுதியாகவோ தருவதாக ஒருவர் வாக்களித்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி அது தடைசெய்யப்பட்ட பெருக்கத் திட்டம். முதலீட்டு ஆலோசனை சொல்பவருக்கு உரிமம் உண்டா என்பதை நிதித்துறை நடத்தை ஆணையத்திடம் கேட்டறிந்துகொள்ளலாம். கோயில் நிர்வாகத்தினர் இதைக் கேட்டறியாமல், காவடித் திருவிழாவிலோ புரட்டாசிச் சனிக்கிழமைகளிலோ யாருக்கும் ஒலிபெருக்கியைக் கொடுக்கக் கூடாது என்று இந்த மேடையிலிருந்து வலியுறுத்துகிறேன். கோயிலில் பேசினார் என்பதே அவருக்கு ஆயிரம் பேரின் சாட்சியாகிவிடும்.

உங்கள் வீட்டில் இப்போதே ஒருவர் இதில் இருந்தால், அவர் நம்புகிற மனிதரைத் திட்டத் தொடங்காதீர்கள். திட்டத் திட்ட அவர் இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்வார். போட்ட முதலையும் சேர்த்து முழுத் தொகையையும் ஒரு முறை எடுத்துக் காட்டும்படி மட்டும் அன்போடு கேளுங்கள். பணம் வந்தால் மீண்டும் போடாமல் இருக்கச் சொல்லுங்கள். வரவில்லையென்றால், "முன்பே சொன்னேனே" என்ற சொல்லை விழுங்கிவிட்டு, புகார் கொடுக்க அவரோடு காவல் நிலையத்துக்கு நீங்களும் போங்கள்.