பத்து விரலையும் எண்ணிக்கோங்க!

நடுவர் ஐயாவுக்கும், ரெண்டு அணி நண்பர்களுக்கும், இடம் கிடைக்காம பின்னாடி நின்னுகிட்டே கேக்குறவங்களுக்கும் வணக்கம். நேரம் கம்மி, நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

தலைப்பு என்ன? "சின்ன வயசுல கொல்லைப்புறத்துல பண்ணின வெடிச் சேட்டைகள் நமக்குத் தந்தது அறிவா, ஆபத்தா?" அறிவேன்னு பேசத்தான் வந்திருக்கேன். ஆனா எனக்கு முன்னாடி பேசின எதிரணி அக்கா போற போக்குல ஒண்ணு சொல்லிட்டுப் போனாங்க பாருங்க, "நடுவர் ஐயா, அந்த அணியில இருக்குறவங்க எல்லாரையும் கைய நீட்டச் சொல்லுங்க, பத்து விரலும் இருக்கான்னு எண்ணிப் பாத்துட்டு அப்புறமா தீர்ப்பு எழுதுங்க"ன்னாங்க. அடேயப்பா, என்னா கைதட்டல்! மொதல்ல இந்த விரல் கணக்கை முடிப்போம், மத்ததெல்லாம் அப்புறம்.

இந்தாங்க, ரெண்டு கையும். நல்லா எண்ணிக்கோங்க. பத்து. இந்த இடது கை ஆள்காட்டி விரல்ல ஒரு தழும்பு தெரியுதா, வெளிச்சத்துல காட்டுறேன், தெரியுதுல்ல? அது காய்கறி நறுக்கும்போது பட்டது! வெடியில பட்டது இல்ல!

(கைதட்டுனது போதும், கேளுங்க, இன்னும் இருக்கு.)

அக்கா, விரல் போனவங்களே இல்லன்னு நான் சொல்ல வரல. பிரான்ஸ்ல துலாங்னு ஒரு வேதியியல் அறிஞர், நைட்ரஜன் ட்ரைகுளோரைடுங்கிற ஒரு பொல்லாத எண்ணெய மொதமொதல்ல கண்டுபிடிச்சவரு, அதுல ஒரு கண்ணும் போச்சு, கைவிரலும் போச்சு. அதே எண்ணெய 1812ல இங்கிலாந்துல ஹம்ப்ரி டேவிங்கிற வேதியியல் அறிஞர் தொட்டாரு, அவருக்கும் வெடிச்சு கண்ணுல அடி. இந்த டேவி யாரு தெரியுமா, சின்னப் பையனா இருக்கும்போதே மாடி அறையில எதையாவது கலக்கி வெடிக்க விட்டுக்கிட்டே இருப்பாரு, இந்தப் பய ஒரு நாள் நம்ம எல்லாரையும் காத்துல பறக்க விடப் போறான்னு அந்த வீட்டுப் பெரியவங்க புலம்பின கதை அவரோட வாழ்க்கை வரலாறு எழுதினவங்க சொல்ற கதை. அதாவது நம்ம ஆளு. நம்ம கட்சி.

கண்ணுல அடிபட்டா எழுத முடியாதுல்ல? குறிப்பு எழுத ஒரு ஆள் வேணும்னு தேடினப்ப கிடைச்சவன்தான் புத்தகம் பைண்டிங் பண்ற கடையில தொழில் கத்துக்கிட்ட ஒரு ஏழைப் பையன், பேரு மைக்கேல் ஃபாரடே. 1813ல வேலைக்கே சேத்துக்கிட்டாரு. அந்தப் பையன் 1831ல காந்தத்தை வச்சு மின்சாரம் எடுக்க முடியும்னு காட்டினான், இதோ இந்த மைக் வேலை செய்யுது, அந்த ஃபேன் சுத்துது! இது மட்டும் இல்ல, அந்த டேவி 1815ல என்ன செஞ்சாரு? சுரங்கத்துக்குள்ள விளக்கு எடுத்துட்டுப் போனா அங்க இருக்கிற வாயு பத்திக்கிட்டு வெடிச்சு கொத்துக் கொத்தா தொழிலாளிங்க செத்துக்கிட்டு இருந்தாங்க, அதுக்கு நெருப்பைச் சுத்தி மெல்லிசான கம்பி வலை போட்டு பாதுகாப்பு விளக்கு செஞ்சு குடுத்தாரு. வலையில சூடு பரவிடும், நெருப்பு வெளிய தாண்டாது. வெடிய தடுக்கிற விளக்கை செஞ்சவன் யாரு, வெடியே பாக்காதவனா? கண்ணுல வாங்கினவன்!

நோபல் பரிசுக்குப் பேரு குடுத்த ஆல்ஃப்ரெட் நோபல் கதை உங்களுக்குத் தெரியும். 1864ல அவங்க தொழிற்கூடம் வெடிச்சு சொந்தத் தம்பி எமில் போயிட்டான். அதை மறைக்க நான் தயாரா இல்ல, அது பெரிய சோகம். ஆனா அந்த மனுஷன் ஏன் அதோட நிறுத்தல? லேசா அதிர்ந்தாலே வெடிக்கிற திரவத்தை கையில எடுத்தாலும் வெடிக்காத மாதிரி எப்படி அடக்குறதுன்னு மண்டைய உடைச்சுக்கிட்டு 1867ல டைனமைட்டுக்கு காப்புரிமை வாங்கினாரு. தம்பிய இழந்த அண்ணனுக்குத்தான் அந்த வேகம் வரும்.

"அதெல்லாம் லேப், நாம பேசுறது கொல்லைப்புறம்"னு அக்கா முனகுறது இங்க கேக்குது. கொல்லைப்புறத்துக்கே வர்றேன். அமெரிக்காவுல ராபர்ட் கோடார்டுங்கிற விஞ்ஞானி 1926ல உலகத்துலயே மொத திரவ எரிபொருள் ராக்கெட்டை விட்டது எங்க? சொந்தக்காரங்க தோட்டத்துல! 2.5 விநாடிதான் பறந்துச்சு, முட்டைக்கோஸ் வயல்ல போய் விழுந்துச்சு. 1929ல இன்னொண்ணு விட்டாரு, சத்தம் கேட்டு விமானம்தான் விழுந்துடுச்சோன்னு ஊரே பதறி, போலீஸ் வந்து, ஆம்புலன்ஸ் வந்து, கடைசியில இனிமே இந்த மாகாணத்துலயே விடக்கூடாதுன்னு தீயணைப்பு அதிகாரி தடை போட்டுட்டாரு. பக்கத்து வீட்டுக்காரங்க புகார் பண்ணாத விஞ்ஞானி உண்டா? இன்டெல் கம்பெனிய ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் கார்டன் மூர், பக்கத்து வீட்டுப் பையனோட கெமிஸ்ட்ரி செட்ல வெடி பண்ணித்தான் எனக்கு வேதியியல் மேல ஆசையே வந்துச்சுன்னு அவரே சொல்லியிருக்காரு. போதும். பெரிய மனுஷங்கள விடுங்க. எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன்.

எங்க பெரியம்மா பையன் ஒருத்தர், எங்க எல்லாருக்கும் மூத்தவர், நாங்க அண்ணன்னுதான் கூப்பிடுவோம். லீவு விட்டா போதும், பசங்க அத்தனை பேரும் அவர் பின்னாடி கொல்லைப்புறத்துலதான். ஒரு நாள் எங்கயோ படிச்சுட்டு வந்தாரு, சமையல் சோடாவும் வினிகரும் சேந்தா கார்பன் டை ஆக்சைடு பொங்கும், அந்த வாயு வெளிய போக வழி இல்லாம அடைச்சு வச்சா பாட்டிலே பறக்கும்னு. ஒரு பிளாஸ்டிக் பாட்டில், வாயில கார்க், தலைகீழா நாலு செங்கலுக்கு நடுவுல நிக்க வச்சாச்சு. அண்ணன் சட்டம் போட்டாரு. என்ன சட்டம்? வெடிச்சா யாரும் ஓட வேணாம். வெடிக்கலன்னாதான் யாரும் கிட்டப் போகக் கூடாது! இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

எல்லாரும் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டோம். தலை மட்டும் வரிசையா எட்டிப் பாக்குது. நுரை பொங்குது, தெரியுது. பாட்டில் விறைச்சு நிக்குது. கார்க்கு மட்டும் அசையவே இல்ல, அண்ணன் அவ்வளவு இறுக்கமா அடிச்சு வச்சிருக்காரு. காத்திருக்கோம். ஒருத்தன் தும்மல் வருதுன்னு மூக்கைப் பிடிச்சுக்கிட்டான். காத்திருக்கோம். அப்பதான் பின்கதவு கிரீச்சுன்னு திறக்குது. யாரு?

பாட்டி!

இடுப்புல ஈரத்துணி பக்கெட்டு. கொடியில துணி காயப்போட வர்றாங்க. வந்தவங்க கண்ணுல அந்த பாட்டில் பட்டுடுச்சு. "எங்க பாத்தாலும் குப்பையப் போட்டு வைக்குதுங்க"ன்னு சொல்லிக்கிட்டே பக்கெட்டை இறக்கி வச்சுட்டு நேரா அதுகிட்ட போறாங்க. குனியுறாங்க. எங்க யாருக்கும் சத்தமே வரல ஐயா, நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. அண்ணன் வாய் மட்டும் பாட்டி பாட்டின்னு அசையுது, காத்துதான் வருது. அந்த நேரத்துல வீட்டுக்குள்ளேருந்து ஒரு உருவம் சல்லுன்னு ஓடி வந்துச்சு, என் தங்கச்சி, ஏழு வயசு, பாட்டியோட இடுப்பைக் கட்டிப் பிடிச்சு இழுத்த இழுப்புல ரெண்டு பேரும் ஈரத்துணி மேல பொத்துனு விழ, டப்!

பாட்டில் போச்சு. மேல. பாட்டி முகம் இருந்த இடத்தைத் தாண்டி, கொடியைத் தாண்டி, மேல போச்சு. நுரைத் தண்ணி மழையா கொட்டுச்சு.

சிரிக்கிறீங்க. சிரிங்க. ஆனா இந்தக் கதைய இன்னொரு தடவ சொல்லணும், ஏன்னா முக்கியமானவள விட்டுட்டேன். இப்ப தண்ணித் தொட்டிப் பக்கம் பாக்காதீங்க, ஜன்னல் பக்கம் பாருங்க. "நீ பொடிசு, உனக்கு இங்க வேலை இல்ல"ன்னு நாங்க துரத்தி விட்ட அந்தப் பொண்ணு, கொல்லைப்பக்க ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஸ்டூல் மேல நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்திருக்கா. அன்னைக்கு மட்டும் இல்ல, லீவு முழுக்க. எது பொங்கும், எது புஸ்ஸுன்னு போகும், அண்ணன் என்ன சட்டம் போட்டாரு, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். பாட்டி குனியும்போது அவளுக்கு என்ன ஞாபகம் வந்துச்சு? வெடிக்கலன்னாதான் கிட்டப் போகக் கூடாது! நியூட்டன் தன்னோட விதிகளை அச்சுல போட்டது 1687ல, அதுல ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டுங்கிற மூணாம் விதிய எங்களுக்கு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க, பரீட்சை முடிஞ்சதும் மறந்துட்டோம். ஜன்னல்ல நின்னு கத்துக்கிட்டவ மறக்கல. இது அறிவு இல்லன்னா வேற எது அறிவு, எதிரணிய கேக்குறேன்!

அதே தங்கச்சி வளந்து, கல்யாணம் ஆகி, ஒரு அடுக்குமாடி வீட்டுல இருந்தா. ஒரு ராத்திரி பக்கத்து வீட்டுலேருந்து கேஸ் வாசம். சிலிண்டர் கேஸ் காத்தை விட கனம், மேல போகாது, தரையோட தரையா படுத்துக்கிட்டு நெருப்புப் பொறிக்குக் காத்திருக்கும். அந்த வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்துல லைட்டு சுவிட்சு மேல கைய வைக்கப் போறாரு. ஓடிப்போன இவ அவர் கையைத் தட்டி விட்டுட்டு, எந்த சுவிட்சையும் தொடாதீங்க, போடவும் வேணாம் அணைக்கவும் வேணாம்னு கத்திக்கிட்டே, இருட்டுல தடவித் தடவி ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல் எல்லாத்தையும் திறந்து விட்டு, தூங்கிட்டு இருந்த ரெண்டு குழந்தைங்களையும் தூக்கிட்டு வெளிய வந்தா. எங்க கத்துக்கிட்டேன்னு கேட்டாங்க. எங்க வீட்டுக் கொல்லையிலன்னு சொன்னா.

நடுவர் ஐயா, அக்கா விரலை எண்ணச் சொன்னப்ப கூட்டம் கைதட்டுச்சு, எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு. ஏன் தெரியுமா? அன்னைக்கு பாட்டி எந்திரிச்சாங்க, புடவையெல்லாம் நுரை, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி வந்தாங்க, தோலை உரிக்கப் போறாங்கன்னு நாங்க கண்ணை மூடிட்டோம். அடிக்கல ஐயா. ஒவ்வொருத்தன் கையா பிடிச்சு இழுத்து, முன்னாடி திருப்பி பின்னாடி திருப்பி, ஒவ்வொரு விரலா தொட்டுத் தொட்டு எண்ணினாங்க. அவங்க கை நடுங்குது. எல்லார் கையும் எண்ணி முடிச்ச பிறகுதான் அழுதாங்க. எங்க விரல எண்ண வேண்டியவங்க அன்னைக்கே எண்ணிட்டாங்க அக்கா.

அதுக்கப்புறம் அண்ணன் எது பண்ணினாலும் பாட்டி ஒரு நாற்காலியப் போட்டு பக்கத்துல உக்காந்துக்குவாங்க, ஒரு பக்கெட் தண்ணியோட. தங்கச்சிக்கு முன்வரிசை. வேண்டாம்னு அவங்க ஒரு நாளும் சொல்லல.

இன்னைக்கு எங்க போச்சு அந்தக் கூட்டம்? எதிரணி தம்பி ஒருத்தர் இந்தக் காலத்துப் பசங்க போன்ல பாதுகாப்பா விளையாடுறாங்கன்னு பெருமையா சொன்னாரு. இருக்கட்டும். அதுல யாரு யாரை இடுப்பைப் பிடிச்சு இழுத்துக் காப்பாத்துறாங்க?

பாட்டி இப்ப இல்ல. அண்ணனும் இல்ல ஐயா. சிறுநீரகம் கெட்டுப்போய் ரொம்ப நாள் ஆஸ்பத்திரியில கிடந்தாரு. நான் பாக்கப் போனப்ப பேசக்கூட தெம்பு இல்ல, உருவமே பாதியா போயிருந்துச்சு. என்னை கிட்டக் கூப்பிட்டாரு. சொத்து, குடும்பம்னு ஏதோ சொல்லப் போறாருன்னு காதைக் கொண்டு போனேன். "டேய், அன்னைக்கு அந்த பாட்டில் எவ்வளவு உயரம்டா போச்சு?"ன்னாரு. மொட்டை மாடி உயரம் போச்சு அண்ணேன்னேன். தலைய ஆட்டுனாரு. "இல்லடா, அதுக்கும் மேல"ன்னாரு. பக்கத்துல நின்ன தங்கச்சி அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஆமாண்ணே, நான் விழுந்தபடியே பாத்தேன், அதுக்கும் ரொம்ப மேல"ன்னா. அந்த முகத்துல வந்த சிரிப்பு இருக்கே, எந்த டாக்டராலயும் வரவழைக்க முடியாத சிரிப்பு.

மணி அடிச்சிட்டீங்க ஐயா, தெரியுது. வாதம்னு எழுதி வச்சிருந்தது பாதி இன்னும் பாக்கெட்லயே இருக்கு, அது அங்கயே இருக்கட்டும். தீர்ப்பை எங்க பக்கம் எழுதுங்க, எங்க அண்ணனுக்கும் சேத்துதான் கேக்குறேன். நன்றி, வணக்கம்!