குழாய் வாயைப் பிடித்த வக்கீல்: எட்மண்ட் மஸ்கி

(திரையில்: அமெரிக்காவின் மெய்ன் மாநிலம், ஆண்ட்ரோஸ்காகின் ஆறு)

இந்த ஆற்றங்கரையில் ரம்ஃபோர்டு என்று ஒரு காகித ஆலை ஊர். எட்மண்ட் மஸ்கி 1914-ல் பிறந்தது அங்கேதான். மரத்துண்டுகளைச் சல்ஃபைட் கரைசலில் வேகவைத்துக் கூழை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய பழுப்புச் சாற்றை ஆலைகள் அப்படியே ஆற்றில் விட்டன. அதிலுள்ள மரச் சர்க்கரையைத் தின்னும் பாக்டீரியா, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பிறகு கிளம்புவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம். 1941 கோடையில், ஆற்றின் கீழ்ப்போக்கில் உள்ள லூயிஸ்டன் நகரமே அதில் திணறியது.

மஸ்கி வாட்டர்வில்லில் வக்கீல் தொழில் பார்த்தார். 1955-ல் மாநில ஆளுநர், 1959-ல் செனட்டர், 1963-ல் காற்று, நீர் மாசுக்கான செனட் துணைக்குழுவின் தலைவர்.

1965 நீர்த் தரச் சட்டம், ஆற்று நீர் எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று தரம் குறித்தது. சிக்கல் எங்கே வந்தது? ஒரே ஆற்றில் ஐந்து ஆலைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் குறைந்ததைக் காட்டிவிடலாம். எந்த ஆலை குறைத்தது என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. ஒவ்வொருவரும் ஆற்றின் மேற்பக்கத்து ஆலையைக் கைகாட்டுவார்கள், வழக்கு படுத்துவிடும்.

மஸ்கி முன்னின்று கொண்டுவந்த 1972 தூய நீர்ச் சட்டம், அளவுகோலை ஆற்றிலிருந்து கழிவு வெளியேறும் குழாய் வாய்க்கு மாற்றியது. பெர்மிட் இல்லாமல் குழாய் வழியே கழிவு விட்டாலே சட்டவிரோதம். பெர்மிட்டுக்கு ஆயுள் அதிகபட்சம் 5 ஆண்டு. எந்தக் கழிவு, எவ்வளவு விடலாம் என்பது அதில் எழுதியிருக்கும். ஆலையே மாதிரி எடுத்து, அளந்து, கையெழுத்திட்டு அறிக்கை அனுப்ப வேண்டும். தெரிந்தே பொய் எழுதினால் அது தனிக் குற்றம்.

(திரையில்: ஒரு அறிக்கைத் தாள், பக்கத்துப் பக்கத்தில் 'அனுமதித்த அளவு', 'விட்ட அளவு')

இந்த இரண்டு எண்களையும் பொதுமக்கள் யாரும் கேட்டுப் பார்க்கலாம். இரண்டாவது எண் கூடியிருந்தால், ஆலையின் சொந்தக் கையெழுத்தே சாட்சி. பாதிக்கப்பட்டவர் 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, அதற்குள் அரசு வழக்குத் தொடுக்காவிட்டால் தானே தொடுக்கலாம். அபராதம் கருவூலத்துக்குப் போகும். வக்கீல் செலவை ஆலை தரும்படி கோர்ட் உத்தரவிடலாம். குடிமக்கள் வழக்கு என்ற இந்த வழியை, செனட்டில் 73-0 என்று நிறைவேறிய 1970 தூய காற்றுச் சட்டத்திலேயே மஸ்கி திறந்துவிட்டிருந்தார். அவருடைய சாதனைகளில் இதைத்தான் முதலில் வைக்க வேண்டும்.

செலவைக் காரணம் காட்டி, 1972 அக்டோபர் 17 அன்று அதிபர் நிக்சன் இந்த நீர்ச் சட்டத்தின் மசோதாவை வீட்டோ செய்தார், அதாவது ஒப்புதல் தர மறுத்தார். மறுநாளுக்குள் செனட் 52-12, பிரதிநிதிகள் சபை 247-23 என்று வாக்களித்து வீட்டோவை முறியடித்தன.

இந்தச் சட்டத்தில் ஓட்டை ஒன்று இருக்கிறது, பெரிய ஓட்டை. வயலில் போட்ட உரமும் சாணமும் மழையோடு வழிந்து ஆற்றில் சேர்ந்தால், அதற்குக் குழாய் வாய் கிடையாது. அதனால் பெர்மிட்டும் கிடையாது, அறிக்கையும் கிடையாது.