கூடம் கோணலா, ஆட்டம் கோணலா?

(கால்பந்துக் கழக ஆண்டுவிழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்து என் பேச்சு முடியும்வரை இருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே (ஐயா, இன்று நான் பெரிதும் நம்பியிருப்பது உங்களைத்தான், நடுவில் எழுந்துவிடாதீர்கள்), இரண்டு அணிக்கும் ஜெர்சி எடுத்துக் கொடுத்த மளிகைக்கடை அண்ணாச்சி அவர்களே, உச்சி வெயிலில் விசிலோடு ஓடிய நடுவர் அண்ணன் அவர்களே, நாற்காலி போட்டும் உட்காராமல் மதில்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் அண்டர் 14 பசங்களே, அவர்களைப் பெற்றவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வரவேற்புரையில் செயலாளர் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதி உண்மை. மீதியை முன்வரிசையில் இருக்கும் என் மனைவியே நம்பவில்லை. போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. அடுத்த ஆண்டு யாரும் எனக்குப் பொன்னாடை போர்த்த வேண்டாம், ஒரு பந்து கொடுங்கள். பொன்னாடை பீரோவில் தூங்கும். பந்து தெருவுக்குப் போகும்.

'உலகின் தலைசிறந்த கால்பந்து மேனேஜர் யார்?' இதுதான் கொடுத்த தலைப்பு. மேனேஜர் என்றால் ஆளைப் பொறுக்கி அணியை நடத்துகிற தலைமைப் பயிற்சியாளர். கொடுத்த நேரம் முப்பது நிமிடம். இந்த வழக்கு நம் டீக்கடையில் முப்பது வருடமாக வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறது.

கப்பை எண்ணித் தீர்ப்புச் சொல்லலாம் என்றால் சுலபம். ஐரோப்பாவின் சிறந்த கிளப்புகள் மோதும் ஐரோப்பியக் கோப்பையை, இன்றைக்குச் சாம்பியன்ஸ் லீக் என்கிறோமே அதை, அதிகம் வென்ற மேனேஜர் கார்லோ ஆஞ்சலோட்டி. மிலானோடு 2003, 2007. ரியல் மாட்ரிட்டோடு 2014, 2022, 2024. மொத்தம் 5. போதாததற்கு இத்தாலி, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் என்று ஐந்து பெரிய லீக்கையும் வென்றவர் அவர் ஒருவர்தான். வழக்கு முடிந்தது, டீ சாப்பிடப் போகலாம். ஆனால் அதே கணக்கில் இன்னொன்று பாருங்கள். ஜினதீன் ஜிதான் 2016, 2017, 2018 என்று வரிசையாக மூன்று வென்றார். அலெக்ஸ் பெர்குசன் 1986 முதல் 2013 வரை மான்செஸ்டர் யுனைடெட்டில் இருந்து வென்றது இரண்டே இரண்டு. அப்படியானால் ஜிதான் பெர்குசனைவிடப் பெரிய மேனேஜரா? மதில்மேல் ஒருத்தன்கூடத் தலையாட்டவில்லை. கப்பை எண்ணக் கணக்குப்பிள்ளை போதும், மேடையும் மைக்கும் எதற்கு?

அதனால் ஐந்து அளவுகோல் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். கையில் என்ன இருந்தது? ஆளை வளர்த்தாரா? எத்தனை காலம் நின்றார்? தோற்ற அன்று எப்படி நடந்துகொண்டார்? அவர் போன பிறகு அங்கே என்ன மிஞ்சியது? ஒவ்வொன்றாக வருகிறேன்.

முதலாவது. நம் பெரியவர்கள் சொல்வார்கள், 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்'. எந்த மேனேஜரின் பிரஸ் மீட்டையும் கேளுங்கள், இந்தப் பழமொழிக்கு உரை எழுதிக்கொண்டிருப்பார். கேட்ட ஆளை வாங்கித் தரவில்லை. நடுவர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று நாளைக்கு ஒரு மேட்ச் வைத்தால் எப்படி ஆடுவது? புல் நீளமாக இருக்கிறது. தண்ணீர் தெளிக்கவில்லை. எல்லாம் கூடத்தின் கோணல்.

கோணலே இல்லாத கூடம் ஒன்று சொல்கிறேன். பி.எஸ்.ஜி. என்கிற பாரிஸ் கிளப். 2021இல் மெஸ்ஸி, நெய்மார், எம்பாப்பே மூவரும் ஒரே சட்டை. இரண்டு சீசன் சேர்ந்து ஆடினார்கள். இரண்டு முறையும் சாம்பியன்ஸ் லீக்கில் கடைசி பதினாறோடு மூட்டை கட்டினார்கள். ஒருமுறை ரியல் மாட்ரிட்டிடம், மறுமுறை பயேர்னிடம். பிறகு மெஸ்ஸியும் நெய்மாரும் போனார்கள், 2024இல் எம்பாப்பேயும் போனார். அடுத்த ஆண்டே மியூனிக்கில் இறுதியாட்டம், லூயிஸ் என்ரிக்கேயின் பாரிஸ் இன்டர் மிலானை 5-0 என்று அடித்தது. மூன்று ராஜாக்கள் இருந்தபோது வராத கப், மூவரும் போன பிறகு வந்தது.

இதைச் சொன்னதும் ஒரு தம்பி, 'அப்போ கார்டியோலா வென்ற கப் எல்லாம் காசு கொடுத்து வாங்கியதுதானே' என்கிறான். கேட்டது காதில் விழுந்துவிட்டது தம்பி. ஸ்பெயின்காரரான அந்த மேனேஜர் கார்டியோலாவை அப்படி ஒரே சொல்லில் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. 2008இல் பார்சிலோனாவின் முதல் அணி கைக்கு வந்ததும் அவர் நட்சத்திரங்களான ரொனால்டினோவையும் டெக்கோவையும் அனுப்பிவைத்தார். முந்தைய ஆண்டு நான்காம் டிவிஷனில் தன்னுடைய பி அணியில் ஆடிய புஸ்கெட்ஸையும் பெட்ரோவையும் மேலே ஏற்றினார். 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஸ்பெயினின் முதல் பதினொருவரில் அந்த இருவரும் இருந்தார்கள். பணம் பிறகு வந்தது. கண் முதலில் இருந்தது.

இப்போது என் ஆளுக்கு வருகிறேன். பிரையன் கிளஃப். சிரிக்காதீர்கள், போன ஆண்டும் இவரைத்தான் பேசினேன், அடுத்த ஆண்டு கூப்பிட்டாலும் இவர்தான்.

1974. டெர்பி கவுன்டி என்ற சின்ன ஊர் அணியை 1972இல் இங்கிலாந்து சாம்பியன் ஆக்கியவர் கிளஃப். அந்தப் பெருமையோடு லீட்ஸ் யுனைடெட்டுக்குப் போகிறார். லீட்ஸ் அப்போது நடப்புச் சாம்பியன். பழைய மேனேஜர் டான் ரெவி இங்கிலாந்து அணிக்குப் போய்விட்டார். புது மேனேஜர் வந்ததும் என்ன சொல்ல வேண்டும்? வணக்கம் தம்பிகளே, நன்றாக ஆடுகிறீர்கள். இவர் என்ன சொன்னார் தெரியுமா? நீங்கள் வாங்கிய மெடல் எல்லாவற்றையும் குப்பைத்தொட்டியில் போடுங்கள், ஒன்றையும் நேர்மையாக வாங்கவில்லை என்றார். சாம்பியன்களிடம்! வந்த புதிதில்! அந்த அறையில் லீட்ஸின் பெரிய தலைகள், பில்லி பிரெம்னர் உட்கார்ந்திருக்கிறார், ஜானி ஜைல்ஸ் உட்கார்ந்திருக்கிறார். ஆறு லீக் ஆட்டத்தில் வென்றது ஒன்று. 44 நாள். வெளியே போ என்றுவிட்டார்கள். என் பழமொழி என் ஆளையும் விடவில்லை பாருங்கள். அன்றைக்கு இங்கிலாந்திலேயே நல்ல கூடத்தில் நின்றுகொண்டு அதைக் கோணல் என்றவர் அவர்.

கதை இனிமேல்தான். 1975 ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். இரண்டாம் டிவிஷன். யாரும் ஏறெடுத்துப் பார்க்காத அணி. அடுத்த ஆண்டு பழைய கூட்டாளி பீட்டர் டெய்லரும் வந்து சேர்கிறார். இந்த டெய்லருக்கு ஆளைப் பார்த்தால் தெரியும், கிளஃபுக்கு ஆளை ஆட்டத் தெரியும். 1977இல் மூன்றாம் இடம் பிடித்துத் தொற்றிக்கொண்டு மேல் டிவிஷனுக்கு வருகிறார்கள். 1978இல் லீக் சாம்பியன். 1979இல் ஐரோப்பியக் கோப்பை. 1980இல் மறுபடியும் ஐரோப்பியக் கோப்பை.

யாரை வைத்து? கென்னி பர்ன்ஸ் என்று ஒருவர், கோல் அடிக்கிறவர், முரடர் என்று பெயர் வாங்கியவர். அவரைப் பின்னால் இழுத்து டிஃபன்ஸில் நிறுத்தினார்கள். அந்த சீசனே பத்திரிகையாளர்கள் கொடுக்கும் சிறந்த வீரர் விருதை வாங்கினார். கேரி பர்ட்டில்ஸ் என்று ஒரு பையன், வீடுகளில் தரைவிரிப்பு ஒட்டுகிற தொழிலாளி, லாங் ஈட்டன் என்ற உள்ளூர் அணியில் ஆடிக்கொண்டிருந்தான். விலை 2,000 பவுண்டு. கிளஃபே நேரில் போய்ப் பார்த்துவிட்டு, இடைவேளையில் குடித்த போவ்ரில் என்ற சூடான பானம் இவன் ஆட்டத்தைவிட நன்றாக இருந்தது என்று கேலி பேசினார். ஐரோப்பியக் கோப்பையில் முதல் சுற்றே லிவர்பூல். இரண்டு ஆண்டாகக் கோப்பையை வீட்டில் வைத்திருந்த லிவர்பூல். ஃபாரஸ்ட் 2-0. முதல் கோல் அடித்தது யார்? தரைவிரிப்புக்காரத் தம்பி! கைதட்டுங்கள், அவனுக்குத்தான்.

டிரெவர் பிரான்சிஸை பிரிட்டனின் முதல் பத்து லட்சம் பவுண்டு வீரராக வாங்கிய அன்று நிருபர்கள் கேமராவோடு காத்திருக்கிறார்கள். கிளஃப் ஸ்குவாஷ் மட்டையோடு வந்து நிற்கிறார், அவருக்கு ஸ்குவாஷ் ஆடப் போகிற அவசரம். தலைகனம் வந்துவிடக் கூடாதென்று ஒரு பவுண்டு குறைத்து 9,99,999 என்று சொன்னதாகச் சொல்வார்கள். 1979 ஐரோப்பியக் கோப்பையின் மியூனிக் இறுதியாட்டத்தில் ஸ்வீடன் அணி மால்மோவுக்கு எதிரான ஒரே கோல் அந்தப் பிரான்சிஸின் தலையால். பந்தைத் தூக்கிக் கொடுத்தவர் ஜான் ராபர்ட்சன். குண்டு, சோம்பேறி, சிகரெட் என்று கிளஃபே வாயாரத் திட்டிய ஆள். அடுத்த ஆண்டு மாட்ரிட்டில் ஹாம்பர்க்குக்கு எதிரான ஒரே கோலும் அந்த ராபர்ட்சன் அடித்ததுதான். லீக் வென்றது ஒரே முறை, ஐரோப்பியக் கோப்பை வென்றது இரண்டு முறை. அப்படி ஒரு கிளப் ஐரோப்பாவில் ஃபாரஸ்ட் ஒன்றுதான்.

இதில் கசப்பும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஃபாரஸ்டை விட்டு டெர்பிக்கு மேனேஜராகப் போயிருந்த டெய்லர், 1983இல் ராபர்ட்சனை அங்கே சொல்லாமல் கொள்ளாமல் கூட்டிக்கொண்டு போனார். கிளஃப் பேச்சை நிறுத்தினார். 1990இல் டெய்லர் இறக்கும்வரை இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. டெய்லர் விலகிய பிறகு கிளஃபுக்கு லீக்கும் வரவில்லை, ஐரோப்பியக் கோப்பையும் வரவில்லை. ஒரு மேனேஜரைப் பெரியவர் என்கிறபோது பக்கத்தில் நின்றவருக்கு எத்தனை பங்கு என்று யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

இரண்டாவது அளவுகோல், ஆளை வளர்த்தாரா, அதற்குள் பாதி வந்துவிட்டேன். பெர்குசனுக்கு இங்கேதான் என் முழு மதிப்பெண். 1992இல் யூத் கப் வென்ற பையன்கள் பெக்காம், பட், கிக்ஸ், கேரி நெவில். 1995 ஆகஸ்டில் சீசனின் முதல் ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று உதை வாங்கினார்கள். பையன்களை வைத்துக்கொண்டு எதையும் வெல்ல முடியாது என்று அலன் ஹான்சன் டிவியில் சொன்னார். சீசன் முடிவில் லீக்கும் எஃப்.ஏ. கப்பும் அந்தப் பையன்கள் கையில். பெர்குசனைப் புகழும்போது எரிக் ஹாரிசன் பெயரை யாரும் சொல்வதில்லை. அந்தப் பையன்களைத் தினம் மைதானத்தில் போட்டு வாட்டி எடுத்த யூத் கோச் அவர்தான்.

நம் நாட்டு ஆளைச் சொல்லாமல் போனால் பாவம். சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியர். கேட்டீர்களா தலைமையாசிரியர் ஐயா, பள்ளி ஆசிரியர்! அவர் பயிற்சியில்தான் இந்தியா 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962 ஜகார்த்தாவில் டிஃபன்ஸ் தூண் ஜர்னைல் சிங்கின் மண்டை உடைந்து தையல் போட்டிருக்கிறது. வேறு யாராவது உட்கார வைத்திருப்பார்கள். ரஹீம் அவரைக் கொண்டுபோய் முன்வரிசையில் நிறுத்தினார். இறுதியாட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்றபோது ஒரு கோல் பி.கே. பானர்ஜி, இன்னொன்று கட்டுப்போட்ட ஜர்னைல். கோல் கம்பத்தில் பீட்டர் தங்கராஜ். அங்கே நின்று இதையெல்லாம் நடத்திய ரஹீமுக்கு அப்போதே புற்றுநோய். அடுத்த ஆண்டு ஜூனில் போய்விட்டார். இந்தியாவுக்கு அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் கிடையாது.

மூன்றாவது அளவுகோலுக்குப் போகும் முன்னால், ஐயா, அம்மா, ஒரு விஷயம்.

பர்ட்டில்ஸுக்கு ஒரு லாங் ஈட்டன் இருந்தது. பெக்காமுக்கு ஒரு எரிக் ஹாரிசன் இருந்தார். இந்த மதில்மேல் உட்கார்ந்திருக்கும் பசங்களுக்கு என்ன இருக்கிறது? மாலை ஐந்து மணிக்குப் பள்ளி மைதானத்து கேட்டில் பூட்டு விழுகிறது. உள்ளே கோல் போஸ்ட் இருக்கிறது, மரநிழல் இருக்கிறது, ஆள் இல்லை. வெளியே சந்தில் இரண்டு செங்கல்லை வைத்து கோல் போஸ்ட் என்கிறான். பந்து சுவரைத் தாண்டி உள்ளே விழுந்தால், மேலே பதித்த கண்ணாடிச் சில்லின் மேல் செருப்பை வைத்து, அதன்மேல் கையை ஊன்றி ஏறுகிறான். உள்ளங்கையைக் காட்டச் சொல்லுங்கள், தழும்பு இருக்கும். டர்ஃப் இருக்கிறதே என்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாடகை. மூட்டை தூக்குகிறவர் மகன் அதை எங்கே போய்க் கொடுப்பான்?

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்', சரி. கூடத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டு ஆடத் தெரியவில்லை என்றால்? இந்தியா ஏன் உலகக் கோப்பை ஆடவில்லை என்று நாலு வருடத்துக்கு ஒருமுறை கேட்கிறோமே, அந்தச் சாவிக்கொத்தையும் ஒருமுறை கேளுங்கள்.

தலைமையாசிரியர் ஐயாவைக் குறை சொல்ல வரவில்லை. ஜன்னல் உடைந்தால் யார் பொறுப்பு, அடிபட்டால் யார் பொறுப்பு, இரவில் வேறு ஆட்கள் புகுந்தால் யார் பொறுப்பு என்று அவர் கேட்பது நியாயம். எங்கள் பதில் இது. ஐந்து முதல் ஏழு வரை மட்டும் திறந்துவிடுங்கள். வாட்ச்மேனுக்கு அந்த இரண்டு மணி நேரத்துக்கான சம்பளத்தைக் கழகம் கொடுக்கும். உள்ளே வருகிற பையன் பெயர், வீட்டு முகவரி, அப்பா கையெழுத்து ஒரு நோட்டில் இருக்கும். கோச் சர்ட்டிபிகேட் வாங்கிய நம் பையன்கள் முறை வைத்து நிற்பார்கள். ஜன்னல் உடைந்தால் கண்ணாடிக் காசு எங்களுடையது. அனுமதிக் கடிதம் மாநகராட்சியிலிருந்து வர வேண்டும் என்றால், மாமன்ற உறுப்பினர் அம்மா இதோ பக்கத்திலேயே இருக்கிறார்.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. தலைவர் 'நேரம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறார். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது அளவுகோல் அப்படியே நிற்கிறது. ஐந்தாவதில் பழைய மேனேஜர் ஷாங்க்லி விட்டுப்போன லிவர்பூலை வைத்து அடுத்து வந்த பாப் பெய்ஸ்லி மூன்று ஐரோப்பியக் கோப்பை வாங்கிய கதை இருந்தது. அதில் புகழ் யாருக்கு என்று டீக்கடையில் சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

மைதானத்தைத் திறக்கக் கேட்கும் மனு வாசலில் அண்ணாச்சி போட்டிருக்கும் மேசையில் இருக்கிறது. பேனா நூலில் கட்டியிருக்கிறது, இழுக்காதீர்கள். பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு போன் நம்பரும் எழுதுங்கள். அதற்கப்புறம்தான் சுண்டல். வணக்கம்.