"சாம்பிள் மட்டும்தான் எடுக்கிறேன், எப்போது மேலே வருவது?"

அடுத்த கேள்வி. ஒரு தம்பி எழுதியிருக்கிறார். "அண்ணா, எம்.எஸ்ஸி. சுற்றுச்சூழல் அறிவியல் முடித்துவிட்டு ஒரு கன்சல்டன்சியில் இரண்டு வருடமாக இருக்கிறேன். தொழிற்சாலை இடங்களில் மண், தண்ணீர் சாம்பிள் மட்டும்தான் எடுக்கிறேன். மீதி நேரம் பழைய ரிப்போர்ட்டில் கம்பெனி பெயரை மாற்றி ஒட்டுகிற வேலை. கணினியில் வரைபடம் போடும் ஜி.ஐ.எஸ். கோர்ஸ் சேரலாமா? வெளிநாட்டுக்கு முயலலாமா? எப்போது மேலே வருவது?"

தம்பி, அந்த 'மட்டும்தான்' என்ற வார்த்தைதான் எனக்கு இடிக்கிறது. ஒரு கதை சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்த முதல் வருடம். மூடிப்போன ஒரு ரசாயன ஆலைக்குப் பக்கத்தில் கைபம்பில் தண்ணீர் எடுக்கப் போனேன். அடித்தால் எலுமிச்சைச் சாறு மாதிரி மஞ்சளாக வருகிறது. லேபில் கொடுத்த பாட்டில்களில் உலோகச் சோதனைக்காக நைட்ரிக் அமிலம் விட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் வரிசையாக நிரப்பி, ஒட்டுச்சீட்டு எழுதி, பெருமையாகத் திரும்பினேன். பத்து நாளில் ரிசல்ட் வந்தது. மொத்தக் குரோமியம் மிக அதிகம். குரோமியத்தில் அதிக விஷமான வடிவமான ஹெக்சாவேலன்ட் குரோமியம் 'கண்டறியப்படவில்லை'. அப்படியே அட்டவணையில் ஏற்றிவிட்டேன். சீனியர் பின்னிணைப்பில் இருந்த போட்டோவைத் திருப்பிக் காட்டி ஒன்றே ஒன்று கேட்டார்: "தண்ணி இப்படி மஞ்சளா இருக்கு, டேபிள்ல ஒண்ணுமே இல்லைங்கிறே. நான் எதை நம்புறது?"

அந்த மஞ்சள் நிறமே ஹெக்சாவேலன்ட் குரோமியத்தின் நிறம்தான். அமிலத்தில் போட்டால், தண்ணீரில் இருக்கும் கரிமப் பொருளோடு சேர்ந்து அது விஷம் குறைந்த டிரைவேலன்ட்டாக மாறிவிடும். அதற்கான சாம்பிளை அமிலம் இல்லாத தனி பாட்டிலில் எடுத்து, ஐஸில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். நான் செய்த வேலையால் விஷத் தண்ணீருக்கு நற்சான்றிதழ் கிடைக்க இருந்தது. அந்தத் தெரு ஜனங்கள் அதில்தான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

சாம்பிள் எடுப்பது கூலி வேலை என்று நினைப்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. கண்காணிப்புக் கிணற்றில், அதாவது நிலத்தடி நீரைச் சோதிக்க இறக்கிய குழாய்க் கிணற்றில், முதலில் நீர்மட்டம் அளந்தீர்களா? குழாய்க்குள் தேங்கிக் கிடந்த தண்ணீரை வெளியேற்றினீர்களா? இரண்டு அங்குலக் குழாயில் பத்து மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் இருபது லிட்டர். வழக்கப்படி மூன்று மடங்கு என்றால் அறுபது லிட்டர் இறைக்க வேண்டும். வெயிலில் பெய்லரை (கயிற்றில் கட்டித் தண்ணீர் மொள்ளும் குழல்) விட்டு விட்டு இழுத்தால் முதுகு போய்விடும், அதனால் பத்து லிட்டரோடு நிறுத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பி.எச்.சும் மின்கடத்துத்திறனும் ஒரு நிலைக்கு வருகிற வரை பொறுத்திருந்து எடுத்தவர் யார், எடுக்காதவர் யார் என்று நோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அப்புறம், இடத்துக்குப் போகும் முன்பே அதன் பூர்வீகத்தைப் படியுங்கள். ராணிப்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. ஆலையில் என்ன தயாரித்தார்கள் என்று தெரிந்தவர் குரோமியத்தைத் தேடிப் போவார். தெரியாதவர் எல்லா ஊருக்கும் அனுப்புகிற அதே சோதனைப் பட்டியலை லேபுக்கு அனுப்புவார். கூகுள் எர்த்தில் பழைய படங்களை ஓட்டிப் பாருங்கள். வாசலில் இருக்கிற பழைய வாட்ச்மேனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். பேரல்களை எங்கே புதைத்தார்கள் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த ஃபைலிலும் இருக்காது.

வெட்டி ஒட்டுகிற வேலை பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஓசூர் தொழிற்சாலை ரிப்போர்ட் ஒன்றில் கடற்கரை மணலைப் பற்றி ஒரு முழுப் பத்தி இருந்ததை நானே பிடித்திருக்கிறேன். உங்கள் பெயர் போகும் தாளில் அப்படி நடக்க விடாதீர்கள்.

வெளிநாடு கேட்டீர்கள். அமெரிக்காவில் இடம் கைமாறும் முன் செய்கிற முதல்கட்ட ஆய்வில் கையெழுத்துப் போட 'சுற்றுச்சூழல் வல்லுநர்' என்ற தகுதி வேண்டும். அறிவியல் அல்லது பொறியியல் பட்டத்தோடு வருகிற வழியில் ஐந்து வருட முழுநேர அனுபவம் கேட்பார்கள். எந்த அனுபவம் என்பதுதான் முக்கியம்: நிலத்தின் மேலும் அடியிலும் உள்ள நிலையைப் புரிந்துகொண்டு, சொந்தமாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்த அனுபவம். பெயர் மாற்றி ஒட்டிய இரண்டு வருடம் அதில் வராது. அங்கே ஆபத்தான கழிவு கிடக்கும் தளத்தில் இறங்க 40 மணி நேரப் பயிற்சி தனி. அது பணம் கட்டினால் கிடைத்துவிடும்.

இங்கேயும் வேலை கூடத்தான் போகிறது. மாசுபட்ட இடங்களுக்கென்றே தனி விதிகளை மத்திய அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. யார் கண்டறிவது, யார் ஆய்வு செய்வது, சுத்தம் செய்யும் செலவு யார் தலையில் என்பதற்கெல்லாம் இப்போது எழுத்தில் வழி இருக்கிறது. ஜி.ஐ.எஸ். கற்றுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தப்பான எண்ணை அழகான மேப்பில் போட்டால் அது அழகான தப்பு.

சரி, திங்கட்கிழமை என்ன செய்வது? அடுத்த தளத்துக்கு ஒரு ஏ4 தாளில் குறுக்குவெட்டுப் படம் ஒன்று வரையுங்கள். மாசு எங்கிருந்து கிளம்பியது, மண்ணில் எப்படி இறங்கியது, எந்தக் கிணற்றை எட்டும், அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் யார். அதை சீனியரிடம் காட்டி, ரிப்போர்ட்டில் அந்தப் பகுதியை நான் எழுதட்டுமா என்று கேளுங்கள். முதல் தடவை சிவப்புப் பேனாவால் கிழித்துத்தான் தருவார். நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அம்புக்குறி போட மறந்திருப்பீர்கள். நானும் மறந்தேன்.