நான்கு முறை சொல்ல முயன்ற தகப்பன்: எளிய மனிதர்களின் கதைகள் நம்மை ஏன் விடுவதில்லை?

வணக்கம். மகனைப் பறிகொடுத்து ஒரு வாரம்கூட ஆகாத ஒரு தகப்பன், அந்தச் செய்தியை ஒரே இரவில் நான்கு முறை சொல்ல முயல்கிறார். ஒருவரும் காதுகொடுத்துக் கேட்பதில்லை. ரஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செகாவ் 1886இல் எழுதிய 'துயரம்' (ஆங்கிலத்தில் Misery) என்னும் சிறுகதையின் மொத்த நிகழ்ச்சியும் இவ்வளவுதான். கொலை இல்லை, மர்மம் இல்லை, எதிர்பாராத திருப்பமும் இல்லை. ஆனாலும் பத்து நிமிடத்தில் படித்து முடித்துவிடக்கூடிய இந்தக் கதை, படித்தவர் மனத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. அது எப்படி நிகழ்கிறது என்பதைத்தான் இந்தக் காணொளியில் பார்க்கப்போகிறோம்.

பின்னணியை ஒரே வரியில் முடித்துக்கொள்கிறேன்: பிரெஞ்சு ஓவியர் கூர்பே 1855இல் 'யதார்த்தவாதம்', அதாவது வாழ்க்கையை உள்ளபடியே காட்டுதல், என்ற பெயரில் தனிக் கண்காட்சியே நடத்தினார், மன்னர்களையும் வீரர்களையும் விட்டுக் கல்லுடைப்பவர்களை வரையத் துணிந்த அந்த மனப்போக்கு இலக்கியத்திலும் வேர்விட்டது.

இனி கதைக்குள் போவோம். ஐயோனா ஒரு வாடகைக் குதிரை வண்டிக்காரர். பனி கொட்டும் மாலையில், தம்மீதும் குதிரைமீதும் பனி படிந்து வெளுத்துப்போயிருப்பதைக்கூட உணராமல், குனிந்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். முதலில் ஏறும் இராணுவ அதிகாரி, மகன் எதனால் இறந்தான் என்று ஒரு வார்த்தை கேட்கிறார். ஐயோனா பதில் சொல்லத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொள்கிறார். அடுத்து ஏறும் மூன்று இளைஞர்கள் வழிநெடுக ஐயோனாவைத் திட்டுகிறார்கள். இந்த இடத்தில் செகாவ் வைக்கும் ஒரு நுட்பத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள்: அந்த வசவுகள் காதில் விழ விழ, ஐயோனாவுக்குத் தனிமை சற்றே குறைகிறது. மனிதக் குரல் அருகில் இருந்தால் போதும், அது திட்டுகிற குரலாக இருந்தாலும் பரவாயில்லை என்ற நிலைக்கு ஒரு மனிதர் வந்துவிட்டார் என்பதை, ஆசிரியர் எந்த விளக்கமும் தராமல் நம் கையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அதன்பின் ஒரு காவலாளியிடம் பேச்சுக்கொடுத்துப் பார்க்கிறார்; அவர் வண்டியை நகர்த்தச் சொல்கிறார். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்த இளம் வண்டிக்காரனிடம் சொல்கிறார். அவன் அதற்குள் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. ஐயோனா சொல்ல ஏங்குவது 'என் மகன் இறந்துவிட்டான்' என்ற ஒற்றை வாக்கியத்தை மட்டுமன்று. அவன் எப்படி நோயில் விழுந்தான், எப்படி வேதனைப்பட்டான், சாகுமுன் என்ன சொன்னான், அவனுடைய உடைகளை வாங்கிவர மருத்துவமனைக்குப் போனது எப்படி இருந்தது என்பதையெல்லாம் ஆற அமர, ஒன்றுவிடாமல் சொல்லவேண்டும் என்று அவர் தவிக்கிறார். கவனித்தீர்களா? அவர் கேட்பது ஒரு சிறுகதைக்கான இடத்தைத்தான். யதார்த்தச் சிறுகதையின் ஈர்ப்பு முழுவதும் எனக்கு இந்த இடத்தில்தான் விளங்கியது. செய்தியை யாரும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்; துயரமோ விவரங்களில்தான் குடியிருக்கிறது, அந்த விவரங்களைக் கேட்பதற்குப் பொறுமையுள்ள ஒருவர் வேண்டும். கடைசியில் ஐயோனா தம் குதிரையிடம் போகிறார். 'உனக்கொரு குட்டி இருந்து, அது திடீரென்று செத்துப்போனால் நீ வருந்தமாட்டாயா?' என்னும் பொருளில் கேட்கிறார். குதிரை மென்றுகொண்டே கேட்கிறது; அதன் மூச்சு அவர் கைகளில் படுகிறது. அந்த மூச்சின் வெப்பத்தைப் படிக்கிற நாமும் உணர்கிறோம், ஏனென்றால் கதை முழுவதையும் கேட்டவர்கள் குதிரைக்கு அடுத்தபடியாக நாம் மட்டுமே.

விவரத்தின் இந்த வலிமைக்கு ரஷ்ய எழுத்தாளர் கோகோல் 1842இல் வெளியிட்ட 'மேல்கோட்டு' கதையும் சான்று. கதை பின்னர் பேய்க்கதையாகத் திரும்பினாலும், புதுக் கோட்டுக்குப் பணம் சேர்ப்பதற்காக மாலைத் தேநீரை விட்டுவிட்டு, செருப்பின் அடி தேயாமலிருக்க மெல்ல நடக்கும் ஓர் ஏழை அலுவலக எழுத்தரின் பாதங்களை யாராலும் மறக்க முடியாது.

தமிழில் அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' கதையைக் கட்டாயம் படியுங்கள். திரைப்பட ஸ்டுடியோவுக்கு வேலை கேட்டு வந்த ஒல்லியான காதர், புலி வேடமிட்டுப் பாய்ந்ததும் அந்த அறையே உறைந்துபோகிறது. வேடத்தைக் கழற்றியதும் மீண்டும் வாய்ப்புக்காகக் கெஞ்சும் மனிதராகிவிடுகிறார். பின்னர் அவருக்கு அனுப்பிய கடிதம் அவரைச் சேராமல் திரும்பி வருகிறது. 'பாவம் காதர்' என்று ஆசிரியர் ஓரிடத்திலாவது இரங்கியிருந்தால், நம் மனம் அங்கேயே ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். அவர் இரங்கவில்லை, ஆகவே காதர் எங்கே போனார் என்று நாம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நீங்கள் படித்த கதைகளில் இப்படி உங்களைவிட்டு நீங்காத ஒரு மனிதர் இருப்பார். கதைச்சுருக்கம் வேண்டாம், அவரோடு சேர்ந்து நினைவுக்கு வரும் ஒரே ஒரு விவரத்தை, அது ஒரு செருப்பாக இருந்தாலும் ஒரு கடிதமாக இருந்தாலும், கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் நான் பொறுமையாகப் படிப்பேன்.